ஏழு 'பி'யில் ஏழு தோப்புக்கரணம்

என் தம்பி ஹரிபிரசாத் மேடவாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியவன் அவன் ஒருவன்தான். அவனுடைய அக்காவான நான் பத்தாவதோடு நின்று, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ரப்பர் வாஷர்களைச் சோதித்துப் பிரிக்கும் வேலையில் இருக்கிறேன். நான் நேரில் பார்க்காததை எல்லாம் அவனிடம் இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்துத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பள்ளியில் முதல் இரண்டு வருடம் தற்காலிக வேலை. அது ஏப்ரலில் முடியும்போது முதல்வர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் சேலையூரில் வீட்டில் உட்கார்ந்து மறுபடி விண்ணப்பம் எழுத வேண்டும். இதற்கு முன் இரண்டு பள்ளிகளில் அப்படி ஆகியிருக்கிறது.

அவனுக்குக் கொடுத்தது ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு, சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட். நாற்பத்தொரு பிள்ளைகள். பாதிப் பேர் காலை ஐந்தரைக்கு எழுந்து, வேனில் ஏறி, சிக்னலில் அரை மணி நேரம் நின்று வருகிறவர்கள். ஹரி ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தான். பதினெட்டாவது நிமிடத்தில் முதல் தலை பெஞ்சில் சாய்ந்தது. அதற்குப் பிறகு அவன் சொல்லிக்கொடுத்ததை மின்விசிறிதான் கேட்டது.

எங்கள் தொழிற்சாலையில் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை, வாஷரைப் பிடித்துப் பார்க்கும் விளக்கை விட்டு எழுந்து நிற்கச் சொல்வார்கள். இல்லாவிட்டால் கீறல் விழுந்த வாஷரும் நல்லதாகவே தெரியும். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனிடம் சொன்னேன். வகுப்புக்குத் தகுந்தபடி அதை மாற்றியது அவன்தான்.

முதலில் கைதட்டல் வைத்தான். பக்கத்து வகுப்பு ஜோசலின் டீச்சர் வந்து, இங்கே யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு நின்ற இடத்தில் குதிக்கச் சொன்னான். கீழ்த்தள வகுப்பில் சுண்ணாம்பு உதிர்வதாக ஆள் வந்தது. சத்தம் கூடாது, இடம் இல்லை, புதிதாகக் கற்றுத்தர நேரமும் இல்லை. மூன்றுக்கும் பொருந்துவது தோப்புக்கரணம் என்று முடிவு செய்தான். பதினெட்டாவது நிமிடத்தில் எல்லாரும் எழுந்து, காதைப் பிடித்துக்கொண்டு ஏழு போட வேண்டும். முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். கரும்பலகைப் பக்கம் நின்று அவனும் கூடவே போடுவான். பிறகு கணக்கு.

மூன்று மாதத்தில், மாதத் தேர்வில் தேறாதவர்கள் பதினொரு பேரிலிருந்து நான்கு பேரானார்கள்.

பிப்ரவரியில் மகேஷ் என்பவர் தன் மகன் ஹர்ஷாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக வந்தார். வராந்தா ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மொத்த வகுப்பும் காதைப் பிடித்தபடி உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது. படம் எடுத்தார். ஜன்னல் கதவு மறைத்ததால் ஹரி படத்தில் விழவில்லை. 'ஏழு பி-யில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தண்டனை. இது எந்தக் காலம்?' என்று எழுதிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

பள்ளி விடுவதற்குள் முதல்வர் மஹாலட்சுமி மேடத்துக்குப் பதினேழு போன் வந்துவிட்டது. நாளைக்கு விசாரணை, தண்டனை என்று தெரிந்தால் ஏப்ரல் வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை என்று அவர் ஹரியிடம் சொன்னார்.

இங்கிலீஷில் பெயர் உள்ள ஏதாவது உடற்பயிற்சி வைத்திருக்கக் கூடாதா என்று வீட்டில் நான் கேட்டேன்.

"அதுக்கெல்லாம் இடம் வேணும்க்கா" என்றான்.

மறுநாள் அதே பீரியடுக்கு மேடமும் மகேஷும் வகுப்புக்கு வந்தார்கள். ஹரியை வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். நேற்று என்ன தப்பு செய்தீர்கள், பயப்படாமல் சொல்லுங்கள் என்று மேடம் கேட்டார். எந்தத் தப்பு தெரிந்துபோயிற்று என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஒருவன் பெஞ்சில் பெயர் செதுக்கியதை ஒப்புக்கொண்டான். ஒருத்தி ஒரு வாரமாக ஜியாமெட்ரி பாக்ஸ் கொண்டுவரவில்லை என்றாள். இப்படி ஆறு தப்புகள் வந்தன. ஆறும் ஹரிக்கே புதியவை. பார்த்தீர்களா என்பதுபோல மகேஷ் மேடத்தைப் பார்த்தார்.

அப்போது ஹர்ஷா எழுந்தான். "அப்பா, சாரும்தான் டெய்லி போடறாரு. அவரு என்ன தப்பு பண்ணாரு?"

ஹரியை உள்ளே கூப்பிட்டார்கள்.

"நீங்களும் போடறீங்களா சார்?" என்று மகேஷ் கேட்டார்.

"ஏழு சார்."

"நீங்க எதுக்கு?"

"எனக்கும் தூக்கம் வரும் சார்."

மேடம் சிரிக்கவில்லை. வழக்கம்போலப் பாடம் நடத்துங்கள், நாங்கள் உட்கார்ந்து பார்க்கிறோம் என்று சொல்லிக் கடைசி பெஞ்சுக்குப் போனார். ஹரி தசமப் பெருக்கலை ஆரம்பித்தான். மகேஷுக்குக் கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். பதினாறாவது நிமிடத்தில் அவர் கண் சொருகியது. பதினெட்டில் வகுப்பு எழுந்தது. பக்கத்துப் பெண், "எழுந்திருங்க அங்கிள்" என்று அவரை முழங்கையால் இடித்தாள். எழுந்தார். எல்லாரும் கீழே போகும்போது தான் மட்டும் நெட்டுக்கு நிற்பது நன்றாக இல்லை என்று பட்டிருக்க வேண்டும். காதைப் பிடித்தார். நான்கு போட்டார். ஐந்தாவதில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மேடம் போடவில்லை, எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்து ஹரி பலகையில் ஒரு கணக்கு எழுதினான். முப்பத்திரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று மகேஷுடையது. புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்து விடை சொன்னார். ஹரி திருத்தினான்.

அன்று சாயங்காலம் பெற்றோர் குழுவில் மகேஷ், 'தண்டனை இல்லை. தூக்கம் கலையத்தான். நானும் நான்கு போட்டேன்' என்று எழுதினார். நீங்கள் என்ன தப்பு செய்தீர்கள் என்று கீழே மூன்று பேர் கேட்டிருந்தார்கள்.

மேடம் ஒரு நிபந்தனை போட்டார். வெளியிலிருந்து பார்த்தால் தண்டனை மாதிரித் தெரியக் கூடாது, அதனால் காதைப் பிடிக்க வேண்டாம். ஹரி அப்படியே செய்தான். சும்மா இருந்த எண்பத்திரண்டு கைகளும் பக்கத்தில் இருந்தவர்களைக் கிள்ளின, சடையை இழுத்தன. மூன்றாம் நாள் சத்தம் கேட்டு மேடமே வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"காதையே பிடிச்சுக்கட்டும் ஹரிபிரசாத்" என்றார்.

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி ஆணை வந்தது. ஜூன் முதல் நிரந்தரம், கீழே கையெழுத்து. ஹரி அதை வாங்கிக்கொண்டு, வரும் வருடம் எந்த பீரியட் என்று மட்டும் கேட்டானாம். சாப்பாட்டுக்கு அடுத்ததுதான், அதை வேறு யாரும் கேட்கவில்லை என்றாராம் மேடம்.