கடைசியாகப் பேசியவர்

மாலை ஐந்து பத்து. பள்ளிக்கூட மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது மேடையில் கிடந்த ஐந்து நாற்காலிகளை. நான்கு, கைப்பிடி வைத்தவை. ஓரத்தில் கிடந்த ஐந்தாவதற்குக் கைப்பிடி இல்லை. அதில் என் மதினி உட்கார்ந்திருந்தார்.

தொண்ணூறுகளின் பின்பாதியில், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலிருந்த தொடக்கப்பள்ளியில் ஓர் இலக்கியக் கூட்டம். தலைப்பு, கதைகளில் இல்லத்தரசி. நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அண்ணனுக்கு மணியாச்சி ஜங்ஷனில் வேலை. பெரும்பாலான ஞாயிறுகளிலும் டியூட்டி இருக்கும். வீட்டில் அம்மா, அண்ணனின் இரண்டு பெண் பிள்ளைகள், மதினி.

மதினி நூலகப் புத்தகங்களை அடுப்படியில் வைத்துப் படிப்பவர். அவர் திருப்பிக் கொடுக்கும் புத்தகங்களில் மஞ்சள் பொடி விரல் தடம் இருக்கும். நூலகர் ஒருமுறை அதைச் சொல்லிக் காட்டியும் இருக்கிறார். கூட்டம் நடத்துகிறவர்கள் வீட்டுக்கு வந்து, இல்லத்தரசி ஒருவரே பேசினால் பொருத்தமாக இருக்கும் என்று கேட்டபோது அண்ணன் சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. சரி என்றார்.

என்ன பேசப்போகிறார் என்பதை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"கதையில வார வீட்டுப் பொம்பளைக்கு அழுகதுக்கு எம்புட்டு நேரம் கெடைக்கி பாத்தீகளா தம்பி? எனக்கெல்லாம் அழணும்னா அடுப்பு அமத்துன பெறகுதான். அதுக்குள்ள தூக்கம் வந்துருது."

"இதைத்தான் பேசப் போறீங்களா?"

"இல்ல, இது சிரிக்கதுக்கு. விஷயம் வேற. நம்ம பக்கத்துக் கதைகள எடுத்துக்கிடுங்க. மழை இல்ல, கரிசக்காடு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. ஆம்பள வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கான். வீட்டுக்கு வந்தா சோறு இருக்கு, கொழம்பு இருக்கு. அத வைக்கதுக்குத் தண்ணி எங்கன இருந்து வந்துச்சு? ஒரு வரி கெடையாது. எழுதுனவுக வீட்டுலயும் யாரோ ஒருத்தி பிடிச்சுத்தான வச்சிருப்பா?"

அதை எங்கள் தெருப் பெண்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. "அவளுகளுக்குத்தான் தம்பி படக்குனு புரியும். மத்தவியளுக்கு வெளக்கணும்" என்றார். தாங்களாக எந்தக் கூட்டத்துக்கும் போகிறவர்கள் இல்லை அவர்கள். மதினி இரண்டு நாள் வாசல் வாசலாகப் போய்க் கூப்பிட்டார். பகலில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள், வீட்டில் இருப்பவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வந்து, பின்பக்க பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

நான் எழுதிய செய்திகளில் இல்லத்தரசிகள் வந்த இடங்கள் குறைவு. ஸ்டவ் வெடித்தால் வருவார்கள். சங்கிலி பறிபோனால் வருவார்கள். காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்ந்தால் படத்தோடு வருவார்கள். மற்ற நாட்களில் அவர்களைப் பற்றி எழுத எனக்கு எதுவும் அகப்பட்டதில்லை. கல்யாணச் செய்தியில்கூட இன்னாருடைய மனைவி என்றே எழுதிப் பழக்கம்.

கூட்டம் தாமதமாகத் தொடங்கியது. நிகழ்ச்சி நிரலில் மதினி இரண்டாவதாகப் பேச வேண்டும். வரவேற்புரை முடிந்ததும் தலைவர் குனிந்து அவரிடம் ஏதோ சொன்னார். முன்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது.

"மதுரைக்காரருக்கு ரயில் இருக்கும்மா. நீங்க பக்கத்துத் தெருதான? கடைசியா வச்சுக்கிடலாம்."

மதினி தலையாட்டினார்.

மதுரையிலிருந்து வந்தவர் இல்லத்தரசியைக் குத்துவிளக்கு என்றார். கால் மணி நேரம் கழித்துத் தூண் என்றார். அடுத்தவர், தன் மனைவி ஒருநாளும் தன்னிடம் குறை சொன்னதில்லை என்றார். கைதட்டல் கிடைத்தது. காற்றுக்காக நான் பின்பக்க ஜன்னலோரம் போய் நின்றேன். பின் பெஞ்சில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "எப்பிடிட்டி சொல்லுவா? இவரு வாய மூடுனால்ல?" என்றாள். சிரிப்பு மேடை வரைக்கும் போகவில்லை.

மூன்றாமவர் பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். சேலையின் கீழ்க்கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவள் வாய் திறப்பதற்கு முன்பே பின் பெஞ்சுகளில் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள்.

"தண்ணி விட்டுட்டான்" என்றாள் அவள்.

எங்கள் தெருவுக்கு எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒரு தடவைதான் குழாயில் தண்ணீர் வரும். செவ்வாய்க்கிழமை வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஏன் ஞாயிற்றுக்கிழமையே திறந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் இரண்டு குடம் போய்விடும். பெஞ்சுகள் காலியாயின. கடைசியாக எழுந்தவள் மேடையைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனாள்.

மதினி மேடையை விட்டு இறங்கி என்னிடம் வந்தார். பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை.

"தம்பி, நீங்க வீட்டுக்குப் போங்க. அத்தையால குழிக்குள்ள இறங்க முடியாது."

"நீங்க பேசறதைக் கேட்டுத்தானே செய்தி எழுதணும்?"

"தண்ணி போயிட்டா அடுத்த வாரம் வரைக்கும் என்ன செய்ய? நீங்க போங்க. நான் பேசிட்டுத்தான் வருவேன்."

போனேன்.

எங்கள் பக்கம் குழாயில் வேகம் இருக்காது. வாசலில் இடுப்பளவு குழி தோண்டி அதற்குள்தான் பைப் இருக்கும். ஒருவர் உள்ளே இறங்கிக் குடத்தை நிரப்பித் தூக்கிக் கொடுக்க வேண்டும். நான் இறங்கினேன். அம்மா மேலே நின்று வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தார். எதிர்வீட்டுக் குழியிலிருந்து அந்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பேப்பர்காரரு குழிக்குள்ள கெடக்கீக? படம் பிடிக்க ஆள் வருதா?"

"அவுக பேசி முடிக்கல. அதான் நான்."

"ஐயோ பாவம். அவ பேசுதத கேக்கணும்னுதான் தலைய சீவிக்கிட்டு வந்தேன். அந்தக் குத்துவெளக்குக்காரரு விட்டாத்தான?"

பக்கத்து வீட்டுப் பெண் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள். "அவ பேசி முடிக்கமட்டும் தண்ணி நிக்குமாக்கும்? பேசாமத் தண்ணியப் பிடி அக்கா."

குடங்கள் நிரம்பி மேலேறின. எல்லாருக்கும் மூச்சு வாங்கியது.

தண்ணீர் நூலாக இறங்கியபோது மதினி தெருவில் வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய கடம்பூர்ப் போளி இருந்தது, பேச்சாளர்களுக்குக் கொடுத்தது. அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, டிரம்மை எட்டிப் பார்த்து மூடினார். படியில் உட்கார்ந்தார்.

"பேசியாச்சா மதினி?"

"பேசுனேன்."

"யாரு இருந்தா?"

"மேடையில அவிய மூணு பேரு. மதுரைக்காரரு போயிட்டாரு. முன்னால ஒரு ஆறேழு ஆம்பளைக. பெறகு மைக்செட்டுக்காரன்."

"என்ன சொன்னாங்க?"

"கொரல் கணீர்னு இருக்காம். ரேடியோவுல சேரலாமாம்."

"தண்ணி விஷயம் சொன்னீங்களா?"

"சொன்னேன். முடிக்கல, அதுக்குள்ள தலைவரு மைக்க வாங்கி, சகோதரியின் கோரிக்கைய நகராட்சி கவனத்துக்குக் கொண்டு போவோம்னுட்டாரு. கை தட்டுனாக."

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, பேசியதை அப்படியே எனக்கு ஒருமுறை சொல்லச் சொன்னேன். செய்தியைக் கவரில் போட்டு ராத்திரி திருநெல்வேலி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டும்.

"இன்னொரு தரம் சொல்லத் தெம்பு இல்ல தம்பி" என்றார். "கொழம்பு வைக்கணும். நீங்களே ஏதாச்சும் எழுதிக்கிடுங்க."

அரிசி பொறுக்கியபோது அவர் சொன்னவற்றில் நினைவில் இருந்ததை வைத்து ஒரு பத்தி எழுதினேன். அது கோரிக்கை இல்லை, கதைகளைப் பற்றிய கருத்து என்று தெரியும்படி எழுதினேன். மதினியின் பெயரைத் தலைவர் பெயருக்கு அடுத்துப் போட்டேன்.

செய்தி மூன்றாம் நாள், உள்பக்கத்தில், எட்டு வரியில் வந்தது. தலைமை தாங்கியவர், வரவேற்றவர், மதுரைக்காரர், நன்றி சொன்னவர் ஆகியோரின் பெயர்கள் இருந்தன. கூட்டத்தில் திரளான பெண்கள் கலந்துகொண்டனர் என்று முடிந்திருந்தது.