கீழ்த்தளத்து வட்டம்

சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு சமூக விழாவில் யாரோ வாளியில் பாலும் ரோஸ் சிரப்பும் ஊற்றிப் பாண்டுங் கலக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ரோஸ் சிரப் வாசம் மூக்கில் ஏறியதுமே எனக்கு எரிச்சல் வந்தது. நான் சிறுமியாக இருந்தபோது, இப்போது இடித்துத் தள்ளிவிட்ட எங்கள் பழைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், ஜூன் விடுமுறை தோறும், சிவப்பு நாற்காலிகளைக் கிறீச்சென்று இழுத்துப்போட்டு, இதே பாண்டுங்கைக் கரைத்து வைத்து, மைக் ஊளையிட ஊளையிட, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் இன ஒற்றுமைப் படத்துக்காகக் கைகோத்து வட்டமாக நிற்கச் சொல்வார்கள். அதில் நான் ஒருத்திதான் தமிழ்ப் பிள்ளை, என் இரு பக்கமும் நிற்பவர்கள் என் கையைத் தொடாமல் சட்டைக்கையின் நுனியை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொள்வார்கள், ஏற்பாடு செய்யும் ஆன்ட்டி அதைப் பார்த்துக்கொண்டே, "ஸ்மைல், கேர்ள், ஸ்மைல்" என்பார், கேமரா மின்னும்.

அப்படி எடுத்த படம் ஒன்றைத்தான் இந்த விழாக் கூடாரத்தில் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். தொண்டூழியம் செய்யும் தமிழ்ப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து, "அப்பல்லாம் எவ்ளோ குளோஸா இருந்திருக்காங்க லா, ஆன்ட்டி," என்றாள்.

"அந்தப் பச்சைச் சட்டை நான்தான். கையைப் பாரும்மா."

குனிந்து பார்த்தாள். என் சட்டைக்கை நுனியைப் பிடித்திருந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆனா நீங்க சிரிச்சிருக்கீங்களே, ஆன்ட்டி."

"சிரிக்கச் சொன்னாங்க," என்றேன்.