மகளின் முழங்கால் கட்டி

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நாங்கள் மந்தைவெளியில் குடியிருந்தோம். மகளுக்கு ஆறு வயது. ஒரு நாள் குளிப்பாட்டும்போது, அவளுடைய இடது முழங்காலின் பின்மடிப்பில் சின்ன எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலிக்கவில்லை என்றாள். நான்தான் அதைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு பெண்ணை, மூட்டில் க்ஷயரோகம் என்று மாதக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள்.

அது அக்டோபர், மாதாவுக்கு ஜெபமாலை சொல்லும் மாதம். தினமும் சாயங்காலம் ஜெபமாலை முடியும்வரை அவளை வெறுந்தரையில் முழந்தாளிட வைப்பேன். குதிகாலில் உட்கார்ந்தால் முதுகில் தட்டி நிமிர்த்துவேன். அதனால்தான் வந்தது என்று நானே முடிவு கட்டினேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் ரிக்‌ஷாவில் டாக்டர் வீட்டுக்குப் போனோம். வீட்டிலிருந்து வண்டிவரை அவளை இடுப்பில்தான் தூக்கி வந்தேன். டாக்டர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டதும் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

"இன்னாம்மா, கொயந்த மான்குட்டியாட்டம் குதிச்சிக்கினு போவுது, இதுக்கா வைத்தியம்?" என்று ரிக்‌ஷாக்காரர் சிரித்தார்.

டாக்டர் வயதானவர், எங்கள் பங்குக் கோயிலுக்குப் பூசைக்கு வருபவர். "எத்தனை நாளா இருக்கு?" என்றார். நான் ஜெபமாலை, வெறுந்தரை, முதுகில் தட்டியது எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அதெல்லாம் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லும்மா. என்கிட்ட கட்டியப் பத்திச் சொல்லு."

அவளைக் குப்புறப் படுக்க வைத்தார். காலை நீட்டினால் கட்டி கெட்டியாக இருந்தது, மடக்கினால் தளர்ந்தது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு, விமானத் தாக்குதலுக்குப் பயந்து கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்த ஜன்னலைச் சாத்தி, டார்ச் விளக்கைக் கட்டியோடு ஒட்டிப் பிடித்தார். கட்டி சிவப்பாக ஒளிர்ந்தது.

"அம்மா, என் கால்ல வெளக்கு!"

"உள்ள வெறும் நீர்தான். க்ஷயமா இருந்தா மூட்டே வீங்கும், காய்ச்சல் வரும், நொண்டுவா. இது தானாப் போயிடும், கத்தி வேண்டாம். முட்டி போட்டா முன்னாடிதானேம்மா அழுந்தும்? கட்டி பின்னாடியில்ல இருக்கு!"

"அப்ப இன்னும் முட்டி போடணுமா?" என்றாள் மகள், ஏமாற்றத்துடன்.

"அத உங்கம்மாவக் கேளு." என் பக்கம் திரும்பினார். "நீ ஒண்ணு செய்யும்மா, தினம் அத அமுக்கிப் பாக்காம இரு."

அமுக்கவில்லை. மத்தியானம் அவள் தூங்கும்போது தொட்டு மட்டும் பார்ப்பேன். கோடை வருவதற்குள் கட்டி சுருங்கிச் சுருங்கி, ஒரு நாள் விரலுக்கு அகப்படவேயில்லை. காலை மாற்றிப் பிடித்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில் வலது காலையும் தடவினேன். கூச்சம் தாங்காமல் என்னை ஓர் உதை உதைத்துவிட்டு, அவள் எழுந்து ஓடினாள்.