ஷெபாலி அக்கா தண்ணீரைக் கண்டுபிடித்த நாள்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பாலை அடுப்பில் வைத்தேன். அது சூடாகும் முன்பே ஷெபாலி அக்காவின் மகள் அழைத்தாள்... அம்மா விடியற்காலையில் போய்விட்டாராம்.

அடுப்பை நிறுத்தவில்லை. ஏனென்று தெரியவில்லை.

ஷெபாலி அக்கா கல்கத்தாக்காரி. இங்கே ஜெர்மனியில், ஹம் நகரத்து முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பதினொரு வருடம் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவர். எங்களுக்குள் பேச்சு ஜெர்மனில்தான். என்னிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரேயொரு தமிழ்ச் சொல்: "ஏலாது". முடியாது என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்.

முதல் நாள் என் முன்னால் ஒரு கோப்பையை நீட்டி, "சா" என்றார். திடுக்கிட்டுப் போனேன். வங்காளத்தில் தேநீருக்கு அதுதான் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது.

அங்கே சாவைக் குடிப்பதில்லை, சாப்பிடுவார்கள். சொல்லில் அப்படி. அதை அப்படியே ஜெர்மனுக்குக் கொண்டுவந்து, இடைவேளையில் எல்லோரிடமும் "டே எஸ்ஸன்?" என்பார். தேநீர் சாப்பிடுகிறாயா? முதல் வருடம் சிரித்தார்கள். மூன்றாம் வருடம் அவர்களும் அப்படியே கேட்டார்கள். அக்கா திருந்தவில்லை... ஜெர்மன்காரர்தான் திருந்தினார்கள்.

அந்தத் தேநீரில் பால் மட்டும்தான், தண்ணீரே சேராது. மெல்லிய நெருப்பில் கால்வாசி வற்றவேண்டும். பிறகு தேயிலை, ஏலக்காய், சீனி, கடைசியில் தட்டிய இஞ்சி.

நான் வீட்டில் செய்து கொண்டுபோனால் ஒரு வாய் குடித்துவிட்டு "ஜோல்" என்பார். ஜலம்.

நாங்கள் இதைத் தேத்தண்ணி என்போம் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பெயரிலேயே தண்ணி வைத்திருக்கிறவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது என்று அன்று முழுக்கச் சிரித்தார்.

இஞ்சியை முந்திப் போட்டுப் பால் திரைந்த நாட்கள் உண்டு. அது என் பிழை. ஆனால் தண்ணீர் விட்டதேயில்லை. சத்தியம் செய்தேன், நம்பவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அக்காவின் நோய்க்கு இனி மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாடு இறங்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன். சரியான ஒரு சா என்றார்.

மூன்று தடவை பிளாஸ்கில் கொண்டுபோனேன். மூன்று தடவையும் ஒரு கரண்டி... பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு "ஏலாது". கேட்ட ஒன்றைக்கூடக் கொடுக்காமல் இவரை அனுப்பிவிடுவேனோ என்று பயந்தேன்.

போன ஞாயிறு வீடியோவில் அழைத்தார். என் போனை அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் சாய்த்து வைத்துவிட்டு, சாவை முதலிலிருந்து செய்துகாட்டச் சொன்னார். பால் பெட்டியைத் திறந்தேன்.

"நில்லு. இப்ப சட்டிக்குள்ள என்ன ஊத்தினனீ?"

"அதுவா... அது தேத்தண்ணிக்கு இல்லை அக்கா. பால் அடிப்பிடிக்காமல் இருக்கிறதுக்கு."

கால் கோப்பை தண்ணீர். பால் காய்ச்சும் முன் சட்டியில் விடுவது. எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்வது, கை தானாகச் செய்வது. பதினொரு வருடமும் அதை நான் தண்ணீர் என்றே நினைக்கவில்லை. அக்காவின் நாக்கு மட்டும் ஒருதரமும் தவறவிடவில்லை.

அவர் சிரித்த சிரிப்பில் தாதி ஓடிவந்துவிட்டார்.

திங்கட்கிழமை ஒரு சொட்டும் விடாமல், நகராமல் நின்று கிண்டிக் காய்ச்சினேன். கொண்டுபோனேன்.

ஒரு கரண்டி குடித்தார். கண்ணை மூடினார். பிறகு கரண்டியைத் தள்ளிவிட்டுக் கோப்பையைக் கேட்டார். அடிவரைக்கும் குடித்தார்.

"இது சா," என்றார்.

நான் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவள். அன்றைக்குக்கூட இப்படி நிமிர்ந்து நடந்ததாக நினைவில்லை. பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

நீங்கள் சொன்னது சரி அக்கா... தண்ணீர் இருந்தது. போயிட்டு வாங்கோ.

வெள்ளிக்கிழமை இல்லத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் அவருக்கு அஞ்சலி. வழமைபோலக் கோப்பியும் கேக்கும் என்று எங்கள் பொறுப்பாளர் மதியமே அறிவித்துவிட்டார். அன்று கோப்பி மெஷினைப் போடுவது என் முறை.

நான் போடப்போவதில்லை. இருக்கிறதில் பெரிய சட்டியை எடுத்துப் பால் வைக்கப்போகிறேன்.

இதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. பொறுப்பாளருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.