டபுள் ஷிப்டுக் கிருத்திகை

இதை எழுதுவதற்கென்று நோட்டு வாங்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதில் மளிகைச் சாமான் பட்டியல் ஏறியதே தவிர இது ஏறவில்லை. பெற்ற அப்பாவைப் பற்றித் தப்பாக எழுதுகிறோமே என்று ஒரு பயம். முருகன் பெயரும் இதில் வருகிறதே என்று அதைவிடப் பெரிய பயம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஆனால் மாசம் தவறாமல் கிருத்திகை விரதம் இருக்கிறவள். வயிறு காய்கிற ஒவ்வொரு கிருத்திகைக்கும் இந்த ஞாபகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இனிமேல் என்னால் பொறுக்க முடியாது. எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. எனக்கு எட்டு வயது. அப்பாவும் சித்தப்பாவும் தாராவியில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். பட்டாளத்துக்குப் பூட்ஸ் தோல் வேண்டுமென்று அங்கே இரவும் பகலும் வேலை ஓடியது. ஒரு ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவரை கேட்டிலேயே மறித்து மறு ஷிப்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். மாசத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் லீவு. டபுள் ஷிப்டு என்கிற வார்த்தையை நான் அ, ஆவுக்கு முன்னாலேயே படித்துவிட்டேன்.

அந்தக் கம்பெனிக்குள் இரண்டு ஊர் இருந்தது. சுண்ணாம்புக் குழியில் இறங்கிப் பச்சைத் தோலை மிதிக்கிறவர்கள் ஒரு பக்கம். சாயம் போட்டு மெருகேற்றுகிற நாங்கள் ஒரு பக்கம். எல்லோரும் திருநெல்வேலியிலிருந்து ஒரே ரயிலேறி வந்தவர்கள்தான். ஆனால் வரும்போது அவரவர் தெருவையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அவர்கள் குழாயில் நாங்கள் குடம் வைக்கமாட்டோம். தோல் நாற்றம் மட்டும் இரண்டு பக்கத்தார் மேலும் ஒன்றுபோலத்தான் அடித்தது. அதை யார் ஒத்துக்கொள்வார்கள்?

சித்தப்பா யூனியன்காரர். சாமி இல்லை, சாதி இல்லை என்று வீட்டுக்குள்ளேயே கூட்டம் போடுவார். டபுள் ஷிப்டு ஒழிய வேண்டும், வாரத்துக்கு ஒருநாள் லீவு வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. குழிக்காரர்கள் வேலையை நிறுத்தினால் சாயக்காரர்களை வைத்து முதலாளி ஓட்டிவிடுவார். சாயக்காரர்கள் நிறுத்தினால் குழிக்காரர்களை வைத்து ஓட்டிவிடுவார். இரண்டு பக்கமும் சேர்ந்து நின்றால்தான் காரியம் நடக்கும். அதைப் பேசக் குழிப் பக்கம் போன சித்தப்பாவிடம், அங்கே எல்லோரும் மதிக்கிற ஒரு அம்மாள் சொன்னாராம்: "எங்க கையால ஒரு வாய்ச் சோறு தின்னுங்க, சேந்து நிப்போம். சோத்துக்கே கூசுதவுக நாளைக்கு முதலாளி கூப்பிட்டா எங்கள விட்டுட்டு ஓடிருவீகல்லா?" அந்த அம்மாளின் புருஷனுக்குச் சுண்ணாம்பு அரித்துக் கால்விரல் இரண்டு போயிருந்தது.

திங்கட்கிழமை ஸ்டிரைக், முந்தின நாள் மத்தியானம் மைதானத்தில் சமபந்திச் சாப்பாடு என்று முடிவானது. எங்கள் பக்கத்து ஆண்கள் அத்தனை பேரும் கூட்டத்தில் கை தட்டி ஒப்புக்கொண்டார்கள். கை தட்ட என்ன கஷ்டம்?

ஞாயிறு காலையில் அதே ஆண்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். எங்கள் வரிசையில் பஞ்சாங்கம் வைத்திருந்தது அப்பா ஒருவர்தான்.

"அண்ணாச்சி, இன்னைக்கு விரதம் ஏதும் உண்டுமா?" என்று ஒருவர் தலையைச் சொறிந்தார்.

"எதுக்கு கேக்கிய?"

"இல்ல, வரமாட்டோம்னு சொன்னா உங்க தம்பி வருத்தப்படும். போயி எலையில உக்காந்துருவோம். விரதம்னா யாரு என்ன சொல்ல முடியும்?"

அப்பா பஞ்சாங்கத்தை ரொம்ப நேரம் புரட்டினார். பிறகு, "கிருத்திகை" என்றார்.

அவர்கள் தெருமுனை தாண்டுமுன் அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். "அப்ப முந்தாநாள் நான் பச்சத்தண்ணி பல்லுல படாம கெடந்தேனே, அது என்ன நாளு?"

"நீ சும்மா கெட."

எனக்கு ஒரு குழப்பமும் வரவில்லை. அப்பாவுக்கு டபுள் ஷிப்டு உண்டு, பாய்லருக்கு உண்டு, நட்சத்திரத்துக்கு மட்டும் இருக்காதா? சண்டைக் காலத்தில் கிருத்திகையையும் கேட்டில் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மைதானத்துக்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார். குழிக்காரர்கள் புதுப் பானை வாங்கிச் சமைத்திருந்தார்கள். எங்களுக்காகவே கவிச்சி சேர்க்காமல் பூசணிக்காய்ச் சாம்பார், அவியல், வெல்லப் பாயசம். வாசனை என் குடலைப் பிடித்து இழுத்தது. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தோம். அந்த அம்மாள் தலை குளித்த ஈரத்தோடு சோற்றுக் கூடையை எடுத்துக்கொண்டு முதல் இலைக்கு வந்தார்.

"இன்னைக்கு கிருத்திகை தாயி" என்று கையை இலைமேல் விரித்தார் முதல் ஆள். இரண்டாவது ஆளும் கிருத்திகை. மூன்றாவது ஆளும் கிருத்திகை. சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவியளா! வள்ளி கையால தினைமாவ வாங்கித் தின்னானே உங்க முருகன், அவன் பேரச் சொல்லியா இத செய்யுதீக?"

"சாமியே இல்லங்குத வாய்க்கு வள்ளி கதை எதுக்குலே?" என்றார் அப்பா.

அவ்வளவு போதும். பரிமாறுகிறவர்கள் கூடையோடு நிற்க, சித்தப்பா மூடநம்பிக்கை பற்றி அரைமணி நேரம் பேசினார். அவருக்கும் நேரம் காலம் கிடையாது.

அந்த அம்மாள் அதற்குள் என் இலைக்கு வந்துவிட்டார். "நீயுமா தாயி விரதம்?"

"ஆமா" என்றேன் பெருமையாக. "முந்தாநாளும் கிருத்திகை, இன்னைக்கும் கிருத்திகை. டபுள் ஷிப்டு."

வரிசையில் ஒருவரும் நிமிரவில்லை. அந்த அம்மாள் என்னையே பார்த்தார். "அப்படியா? எங்களுக்கு முந்தாநாள் மட்டுந்தான் தாயி வந்துச்சு. நானும் இருந்தேன்" என்றார். அப்புறம் கூடையை மூடினார். "எந்திரிங்கய்யா. விரதக்காரவுகள சோத்துக்கு முன்னால உக்கார வைக்கது பாவம்."

சித்தப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பரிமாறினார்கள். வரிசை முழுக்க வெறும் இலைகள் கிடக்க, அவர் ஒருவர் இலையில் மட்டும் சோறு இருந்தது.

வீட்டில் அம்மா மீன்குழம்பு வைத்திருந்தாள். அப்பா நன்றாகப் பிசைந்து சாப்பிட்டார். "விரதம்?" என்று கேட்டேன். "நட்சத்திரம் ஒரு மணியோட முடிஞ்சு போச்சு" என்றார். நானும் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை சங்கு ஊதியதும் இரண்டு பக்கத்தாரும் எப்போதும்போல உள்ளே போனார்கள். அந்த வாரமே சித்தப்பாவுக்கும் விரல் போன அந்த மனிதருக்கும் வேலை போயிற்று. சித்தப்பா அம்பர்நாத்துக்குப் போய் வேறு கம்பெனியில் சேர்ந்தார். அப்பாவோடு பிறகு பேசவே இல்லை. அந்த அம்மாள் குடும்பம் கம்பெனிக் குடிசையைக் காலி செய்து மான்குர்த் பக்கம் போனதாகக் கேள்வி. அப்பா உலகச் சண்டை முடிகிறவரை டபுள் ஷிப்டு பார்த்தார். இருமிக்கொண்டே பார்த்தார்.

எங்கள் ஆட்கள் ஒன்றை யோசிக்கவே இல்லை. குழிக்காரர்களுக்கும் முருகன் உண்டு, அவர்களும் விரதம் இருப்பார்கள், அவர்களுக்கும் நாள் தெரியும் என்பது ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. முதல் ஆள் கையை விரித்தபோதே அந்த அம்மாளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் என் இலைவரை நடந்து வந்தார்.

இது எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. சாயங்காலம் அம்மா விளக்கேற்றியபோது கண்ணை மூடிக்கொண்டு வேண்டினேன்: "முருகா, எங்களுக்கு ரெண்டு தரம் வந்தியே, அந்தப் பாவப்பட்டவங்களுக்கும் ரெண்டு தரம் வா."

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். சித்தப்பாவைப் பெரிய ஆளாக்க வேண்டாம். அப்பாவுக்காக இரக்கப்பட்டு, "அந்தக் காலம் அப்படி" என்று ஒரு வரியும் சேர்க்க வேண்டாம். அந்தக் காலத்தில்தான் அந்த அம்மாளும் இருந்தார்.