இஹ்வா கணவாயின் முத்திரை

டிசம்பர் பிறந்துவிட்டால் கொரியாவின் புச்சோன் நகரத்தில் நிம்மதியாக ஒரு கிண்ணம் சூப் குடிக்க முடியாது. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் நாலு மேசையை ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் வருடத்தை வழியனுப்பிக்கொண்டிருக்கும். ஒவ்வொருவராக எழுந்து, கோப்பையைத் தூக்கிப் பிடித்து, இந்த வருடம் நான் என்ன கிழித்தேன் என்று சொல்வார்கள். மற்றவர்கள் கை தட்டுவார்கள். மான்சிக்குக்கு இதைப் பார்த்தாலே குமட்டும். இந்த வருடம் அவரே அப்படி எழுந்து நிற்கவேண்டி வந்தது.

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர் மான்சிக். போன டிசம்பரில் ஓய்வு பெற்றார். புத்தாண்டு அன்று மகளும் மருமகனும் வந்திருந்தபோது, அரிசி அப்பம் போட்ட சூப்பைப் பரிமாறிக்கொண்டே மனைவி ஓக்நிம் சொன்னாள், இவர் வாழ்க்கையில் எடுத்த எதையும் முடித்ததில்லை என்று. பின்னறைச் சுவரில் பாதி ஒட்டிய அலங்காரக் காகிதம் பதினெட்டு வருடமாகப் பாதியாகவே நிற்கிறது. ஒட்டாத பாதியைப் பார்த்து மருமகன் சிரித்தான். மான்சிக்குக்குச் சுருக்கென்றது. இந்த வருடம் முடிவதற்குள் ஒன்றே ஒன்றையாவது முழுசாக முடித்துக் காட்டுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டார்.

"காட்டுங்க, பாக்கலாம்" என்றாள் ஓக்நிம். பள்ளிக்கூடச் சமையலறையில் தொள்ளாயிரம் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்குகிறவள். அவள் எடுத்த எந்த வேலையும் பாதியில் நின்றதில்லை. நின்றால் தொள்ளாயிரம் பிள்ளைகள் பட்டினி.

முதலில் சாக்ஸபோன். ஓய்வு பெற்ற ஆண்களுக்கு அந்த ஊரில் யாரோ அதை விதித்துவிட்டார்கள் போலிருக்கிறது. நிலத்தடி அறை ஒன்றில் ஏழு கிழவர்கள் உட்கார்ந்து, ஒரே சோகப் பாட்டை ஏழு விதமாகக் கொன்றார்கள். வாயில் வைக்கும் பகுதியில் எச்சில் ஒழுகும். அதைத் தரையில் உதறுவார்கள். அந்த ஈரத்தின் மேலேயே நடந்து போய்க் காப்பி குடிப்பார்கள். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். ஒருநாள் பக்கத்தில் இருந்தவரின் எச்சில் அவர் செருப்பில் விழுந்தது. அதோடு சரி.

பிறகு ஊருக்கு வெளியே கட்டில் அளவு நிலம் குத்தகைக்கு எடுத்து லெட்யூஸ் கீரை போட்டார். ஞாயிற்றுக்கிழமை விவசாயிகள் புதுத் தொப்பி, புதுக் கையுறை, புது மண்வெட்டியோடு வந்து, அரை மணி நேரம் கொத்திவிட்டு மூன்று மணி நேரம் இறைச்சி சுட்டார்கள். இவர் கீரையைத் தின்றது நத்தைகள்தான். ஓடில்லாத, வழவழவென்று ஒட்டிக்கொள்ளும் ஜாதி. ஒன்றை விரலால் எடுத்தபோது வந்த அருவருப்பு சாயங்காலம் சாப்பிடும்வரை கையைவிட்டுப் போகவில்லை. நிலத்தை அப்படியே விட்டுவிட்டார்.

மே மாதம் 'பொன் சக்கரம்' சைக்கிள் குழுவில் சேர்ந்தார். பன்னிரண்டு ஆண்கள், எல்லோரும் அறுபதை ஒட்டியவர்கள். தலைவர் பாங், ஒரு காலத்தில் கட்டுமானக் கம்பெனியில் மேலாளர். ஓய்வு பெற்ற பிறகும் மேலாண்மையை விடவில்லை. உடம்பைக் கவ்விப் பிடிக்கும் கால்சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது மான்சிக்குக்குத் தன் தொப்பையைப் பார்க்கவே சகிக்கவில்லை. ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆற்றங்கரைப் பாதையில் விடியற்காலையில் தனியாக மிதித்தபோது அவருக்குப் பிடித்திருந்தது. முதுகில் வழிந்த வியர்வை அவருடைய சொந்த வியர்வை. மேலே போக அவர் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை.

செப்டம்பரில் குழு மேற்குக் கரை இன்சோனிலிருந்து தென்கோடிப் பூசான்வரை கிளம்பியது. அறுநூற்று முப்பத்து மூன்று கிலோமீட்டர். வழிநெடுகத் தொலைபேசிக் கூண்டு மாதிரிச் சிவப்புக் கூண்டுகள் நிற்கும். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு முத்திரை. ஆளுக்கொரு கையேடு, அதில் நாமே குத்திக்கொள்ள வேண்டும். எல்லா முத்திரையும் சேர்ந்தால் பதக்கம். மான்சிக் கிளம்பும்போது கையேட்டை மனைவியிடம் காட்டினார். எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தது. "இதுதான் அந்த ஒண்ணு" என்றார். அவள் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மழையில் நனையாமலிருக்க ஒரு ஜிப் வைத்த பையில் போட்டுக் கொடுத்தாள்.

இரண்டு நாள் ஒழுங்காக மிதித்தார்கள். மூன்றாம் நாள்தான் இஹ்வா கணவாய், ஐந்து கிலோமீட்டர் விடாத ஏற்றம். தலைவர் அன்று எல்லோரையும் குழுவின் மஞ்சள் சட்டையைப் போடச் சொல்லியிருந்தார், உச்சியில் படம் எடுக்க. ஆனால் முந்தின இரவு குடித்த அரிசிக் கள் யாரையும் எழவிடவில்லை. எழுந்தபோது மணி பத்து. கணவாய்க்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு மணிக்குப் பன்றி இறைச்சி சுட்டுத் தரும் கடையில் பன்னிரண்டு பேருக்கு மேசை சொல்லி வைத்திருந்தது.

தலைவர் பாங் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூட்டை முடிச்சை ஏற்றிவந்த வேனைப் பார்த்தார். வீட்டில் யாருக்கும் தெரியப் போவதில்லை, ஒரே ஒரு முத்திரைதானே என்றார். சைக்கிள்களை மேலே கட்டினார்கள். ஒருவர் ஏறினார், இன்னொருவர் ஏறினார், பிறகு வரிசையாக எல்லோரும்.

குவாக் அண்ணன் மட்டும் ஏறவில்லை. குழுவிலேயே மூத்தவர், அறுபத்தாறு. இடது முழங்காலில் எப்போதும் பட்டை கட்டியிருப்பார். ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே மான்சிக்கைப் பார்த்தார்.

"வர்றியா?"

மான்சிக் வேனைப் பார்த்தார். பத்து முகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தனக்கும் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். முழங்கால் வலிக்கவில்லை.

உச்சியில் வரிசையாக நின்று முத்திரை குத்தினார்கள். படம் எடுக்கும்போது தலைவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒவ்வொருவர் முகத்திலும் நெஞ்சிலும் முதுகிலும் தெளித்தார். "கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி நில்லுங்கய்யா" என்றார். எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். மான்சிக்கும் திறந்தார். குளிர்ந்த தண்ணீர் முதுகுத்தண்டில் இறங்கியபோது செருப்பில் விழுந்த எச்சில் ஞாபகம் வந்தது.

குவாக் அண்ணன் இறைச்சிக் கடைக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. ஆறிப்போன கொழுப்புத் துண்டுகள்தான் மிச்சமிருந்தன. அண்ணனுக்கு இளமை திரும்பிவிட்டது, அண்ணிக்குத்தான் கஷ்டம் என்று மேசையே சிரித்தது. மான்சிக்கும் சிரித்தார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே. அண்ணன் மேல்தான் அன்றைக்கு மான்சிக்குக்கு அதிக வெறுப்பு. ஒரு மனிதனுக்கு அப்படி என்ன பிடிவாதம்? அன்று அதற்குமேல் யாரும் மிதிக்கவில்லை. குடித்துவிட்டு விடுதியில் விழுந்தார்கள். அடுத்த மூன்று நாள் மான்சிக் வெறிபிடித்தவர் மாதிரி முன்னால் மிதித்தார். பூசானில் எல்லோருக்கும் முதலில் போய்ச் சேர்ந்தது அவர்தான். ஒரு பயனுமில்லை. இடையில் அந்த ஐந்து கிலோமீட்டர் அப்படியே கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஓக்நிம் செய்த காரியம் அவரைக் கொன்றது. குழுவின் அரட்டைப் பக்கத்திலிருந்து அந்த உச்சிப் படத்தை எடுத்து, பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். எங்கே தெரியுமா? பின்னறைச் சுவரில், காகிதம் ஒட்டாத பாதியில்.

ஆண்டிறுதி விருந்துக்கு மனைவிமாரும் வரவேண்டும், பதக்கத்தை அவர்கள் கையால்தான் போடவேண்டும் என்பது தலைவர் உத்தரவு. ஓக்நிம் வியாழக்கிழமை சாயங்காலம் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தாள். விருந்து நடந்த கடை முழுக்கக் கொழுப்புப் புகை. ஒவ்வொருவராக எழுந்து அளந்தார்கள். ஒருவர் கணவாயில் தனக்குக் கடவுள் தெரிந்ததாகச் சொன்னார். வேனில் அவர் குறட்டைவிட்டது மான்சிக்குக்கு நினைவிருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று அன்று காலையிலிருந்தே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். ஒரே வரி. அந்த ஒரு மலையை நான் ஏறவில்லை.

அவர் முறை வந்தது. எழுந்தார். பத்து முகம் அவரைப் பார்த்தது, அன்று வேனிலிருந்து பார்த்த அதே பத்து முகம். பக்கத்தில் ஓக்நிம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இந்த வருஷத்துல மறக்க முடியாததுன்னா இஹ்வா கணவாய்தான்" என்று அவர் வாய் சொன்னது. "பாதியில இறங்கிடலாம்னு நாலு தடவை தோணுச்சு. என் வீட்டுக்காரிய நெனச்சுக்கிட்டு மிதிச்சேன்."

கை தட்டினார்கள். ஒரு மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைவர் பாங் இவரைப் பார்த்துப் பெருமிதமாகத் தலையை ஆட்டினார். குவாக் அண்ணன் முள்ளங்கி ஊறுகாயைத் தின்றுகொண்டே இருந்தார், தலை நிமிரவில்லை. ஓக்நிம் எழுந்து, நாடாவைச் சரி செய்து, பதக்கத்தை இவர் கழுத்தில் போட்டாள். அவள் கையில் சமையலறைச் சோப்பு வாசனை அடித்தது.

திரும்பும்போது மின்ரயிலில் கூட்டமில்லை. பதக்கம் கோட்டுக்குள்ளே சில்லென்று நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று நிலையம் தாண்டிய பிறகு ஓக்நிம் பேசினாள்.

"உங்க சட்டையெல்லாம் நான்தானே தோய்ச்சேன்."

அவர் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அஞ்சு சட்டையில முதுகெல்லாம் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையா இருந்துச்சு. ரெண்டு தடவை ஊறவெச்சும் போகல. அந்த மஞ்சச் சட்டையில மட்டும் உப்பே இல்ல. பன்னிக்கறி வாசனைதான். படத்துல பாத்தா சட்டை சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு."

செப்டம்பரிலிருந்தே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் படத்தை மாட்டியிருக்கிறாள். மூன்று மாதமாக, தினமும் காலை ஐந்து மணிக்கு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறாள், இவர் வாயைத் திறப்பார் என்று காத்துக்கொண்டு. மான்சிக்குக்குத் தன் தோலை உரித்து எறிந்துவிட்டு வேறு எங்காவது போய்விடலாம் போலிருந்தது.

"தெரிஞ்சிருந்தும் ஏன் கழுத்துல போட்ட?" என்றார்.

"அத்தனை பேரு பாத்துக்கிட்டு இருக்கறப்போ வேற என்ன செய்யறது?" என்றாள் அவள். "நீங்களும் அதுக்குத்தானே அந்த மூட்டை வேன்ல ஏறியிருப்பீங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் கை கால் கழுவிக்கொண்டு, காலையில் போடவேண்டிய காலுறைகளை எடுத்து வைத்தாள். மான்சிக் பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னறையில் நின்றார். இதை எங்கே மாட்டுவது என்று கேட்டார்.

"சாக்ஸபோன் வாய்த்துண்டும் விதைப் பொட்டலமும் கிடக்கே, அந்த இழுப்பறையில போடுங்க" என்றாள். "இடமிருக்கு."