பத்தொன்பதாவது பேர்

மட்டாஞ்சேரியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் ஆவுடையம்மாள் பியூன். காலையில் கதவைத் திறப்பாள், ஹாஜர் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவாள், குடத்தில் தண்ணீர் நிரப்புவாள். பத்து வருஷமாக இதே வரிசை. யூனியனுக்குச் சந்தா பிரிப்பவளும் அவள்தான். நழுவப் பார்க்கிறவனை மாடிப்படியில் மறித்து நின்றாள் என்றால், எப்பேர்ப்பட்ட கஞ்சனும் கக்கிவிட்டுத்தான் போவான்.

எழுபத்தி நாலில் ஒருநாள் வேலைநிறுத்தம் வந்தது. சமரம் என்றுதான் அங்கே சொல்வார்கள். சூப்பரண்டு வைத்தீஸ்வரன் ஒருவர் மட்டும் அதில் சேரவில்லை. சாவியோ இவளிடம். அவருக்குக் கதவைத் திறந்துவிட்டு வாசலுக்குப் போய்விடலாமென்று வந்தாள். திறந்தாள், அந்தப் பாழாய்ப்போன கை தானாகப் போய்க் கையெழுத்தைப் போட்டுவிட்டது! அவளுக்கே அது நினைப்பில் இல்லை. சாயங்காலம் வரை வாசலில் நின்று தொண்டை கட்டக் கோஷம் போட்டாள்.

மறு வாரம், ஒருநாள் சம்பளம் பிடிப்பதற்காக, சமரம் செய்தவர்களின் பட்டியல் ஆபீஸில் ஒட்டப்பட்டது. பதினெட்டுப் பேர். அவள் பேர் இல்லை.

"உள்ளே சம்பளம், வெளியே கோஷம். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்!" என்றார்கள். கருங்காலி என்ற சொல்லும் காதில் விழுந்தது. சாயாக்கடையில் அவள் வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது.

யூனியன் செயலாளர் அமீருதீன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "யூனியன்லேர்ந்து உங்க பேரை நீக்கணும்னு கமிட்டியில கேக்குறாங்க, அக்கா."

நேரே சூப்பரண்டிடம் போனாள். "அந்தக் கையெழுத்தை அடிச்சிருங்க, சார்."

"போட்டது போட்டதுதான். பேசாம இரும்மா."

"அப்போ நான் சமரத்துல நின்னேன்னு எழுதித் தாரேன்."

"பைத்தியமா உனக்கு? கையெழுத்துப் போட்டுட்டு வேலை பாக்கலைன்னா அது குத்தம். மெமோ வரும்!"

எழுதிக் கொடுத்தாள். மெமோவும் வந்தது.

அப்புறம்தான் வேடிக்கை. மெமோ வந்த ஆளை யூனியன் கைவிடக் கூடாதே! நீக்கச் சொன்ன அதே கமிட்டி கூடி, அவளுக்காகப் பதில் எழுதியது. விசாரணை அதிகாரி முன்னால் பதினெட்டுப் பேரும் வரிசையாகப் போய், "காலையிலேர்ந்து எங்களோடதான் நின்னாங்க" என்று சொன்னார்கள். சிலருக்குத் தலை நிமிரவில்லை.

ஒரு வருஷத்துக்கு இன்கிரிமெண்ட் நிறுத்தம் என்று உத்தரவு வந்தது. அமீருதீன் கொதித்துப் போனான்.

"விடமாட்டேன், அக்கா. அப்பீல் போவோம். எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கிடுங்க. புத்தகத்துல கையெழுத்து இருக்கு, அது ஒண்ணு போதும், நிச்சயமா ஜெயிப்போம்!"

அவன் கையிலிருந்த அப்பீல் காகிதத்தை அவள் மெதுவாக வாங்கி நாலாக மடித்தாள்.

"வேண்டாம் தம்பி. ஜெயிச்சிட்டா, நான் அன்னைக்கு வேலை பாத்தவ ஆயிருவேனே."